அண்ணன் வீட்டுக் கறியும் நான் சொன்ன சைவமும்

எனக்குச் சாம்பார் பிடிக்காது. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. அத்தனை வருஷமும் நானேதான் சாம்பார் வைத்தேன், நானேதான் தின்றேன். யாரும் என் கழுத்தைப் பிடித்து ஊட்டவில்லை. நானே இழுத்து விட்டுக்கொண்ட வினை என்பதால் அழவும் வழியில்லாமல் போய்விட்டது.

படாளத்தில் காலனியில் பிறந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு எட்டு வயது, அண்ணனுக்கு இருபது. அண்ணன் கரும்பு வெட்டினார். எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. அடுத்தவன் கொல்லையில் வெட்டி, கட்டி, லாரியில் ஏற்றிவிட்டு வருவார். கரும்புச் சோகை அறுத்த கோடுகள் கையிலும் முகத்திலும் எப்போதும் இருக்கும். அந்தக் கையை வைத்துக்கொண்டு என்னைச் செங்கல்பட்டுக்கு ரயிலேற்றிப் படிக்க வைத்தார். பள்ளிக்கூடம் முடித்து, டைப்ரைட்டிங்கில் தமிழும் இங்கிலீஷும் ஹையர் பாஸ் செய்தேன். நடுவில் அவருக்குக் கல்யாணம் ஆகி அண்ணி வந்தார். அண்ணியும் கரும்பு வெட்டத்தான் போனார், நான் மட்டும் போகவில்லை.

பாசத்தை வாயால் சொல்லத் தெரியாத மனுஷன் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய கறி வாங்கி வருவார். மாட்டுக்கறியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அண்ணி மிளகாயும் மல்லியும் அம்மியில் அரைத்துக் குழம்பு வைப்பார். கொதி வந்ததுமே அண்ணன் கரண்டியோடு போய் ஈரலையும் கொழுப்புத் துண்டையும் தேடி எடுத்து ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்துவிடுவார். "படிக்கிற புள்ள. மொதல்ல அதுக்கு" என்பார். அவருக்குக் குழந்தைகள் பிறந்த பிறகும் அந்தக் கிண்ணம் எனக்குத்தான். அண்ணி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எம்ப்ளாய்மென்ட் ஆபீசிலிருந்து கார்டு வந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில், மதில் சுவர் வைத்த ஒரு பெரிய அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். எனக்கு எல்லாமே பயம். தரை பளபளவென்று இருந்ததுகூடப் பயம்தான், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன்.

முதல் நாள் மத்தியானம் எங்கள் பிரிவுப் பெண்கள் ஆறு பேர் இரண்டு மேஜையை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்கள். அங்கே ஒரு வழக்கம். எல்லா டப்பாவையும் திறந்து நடுவில் வைத்துவிட வேண்டும், யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நான் கொண்டுபோனது தயிர்ச்சோறும் ஊறுகாயும். என் பக்கத்து சீட்டுக்காரர், தஞ்சாவூர்ப் பக்கத்து அக்கா, என் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த முகமாகக் கேட்டார்.

"நீங்க சாப்பிடுவீங்களா?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறவளைப் பார்த்துச் சாப்பிடுவீர்களா என்றால் என்ன அர்த்தம்? கறி மீன் தின்பவளா என்று அர்த்தம். அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. நீ எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்பதை நம் ஊரில் யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். குழம்பைக் கேட்பார்கள்.

"இல்லக்கா. நாங்க சுத்த சைவம்" என்றேன்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்று கேளுங்கள். அந்த ஆறு பேரில் அக்காவைத் தவிர மற்ற எல்லாரும் கோழியும் ஆடும் தின்பவர்கள். ஒருத்தி டப்பாவில் முட்டைப் பொரியலே இருந்தது. 'கோழி, ஆடு சாப்பிடுவோம்' என்று சொல்லியிருந்தால் அத்தோடு பேச்சு முடிந்திருக்கும், எவளும் அடுத்த கேள்வி கேட்டிருக்க மாட்டாள். மாட்டை மறைக்கப் போய் ஆடு, கோழி, மீன், முட்டை எல்லாவற்றையும் சேர்த்துக் குழி தோண்டிப் புதைத்தேன். ஒரு அடி நகர வேண்டிய இடத்தில் பயத்தில் பத்தடி தாண்டிவிட்டேன். எங்கள் காலனியிலிருந்து ஆபீசுக்குப் போன வேறு சிலரும் இதே கூத்தை அடித்தார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. பயந்தவளுக்கு அளவு தெரியாது.

தஞ்சாவூர் அக்காவுக்கு ஏக சந்தோஷம். "அப்பாடா, எனக்கு ஒரு துணை கெடைச்சுது" என்று தன் வெண்டைக்காய்ப் பொரியலில் பாதியை என் டப்பாவில் தள்ளினார். நல்ல மனுஷி. அதுதான் பிரச்சினையே. கெட்டவளாக இருந்திருந்தால் என்றைக்காவது சண்டை போட்டு உண்மையைச் சொல்லியிருப்பேன். பருப்புப் பொடி இடித்துக் கொடுத்தார், வத்தக்குழம்பு சொல்லிக்கொடுத்தார், என் பிரசவத்துக்குப் பத்திய லேகியம் கிளறிக்கொண்டு வந்தார். எனக்கு அதுவரை வெறும் பருப்பை வேகவைத்துக் கடையத் தெரியும், அவ்வளவுதான். "சைவக்காரங்க வீட்ல பொறந்துட்டு கூட்டு வெக்கத் தெரியலையே?" என்று அவர் கேட்டபோது, அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள் என்று சொல்லித் தப்பித்தேன். செத்துப்போன அம்மாவையும் என் பொய்க்குச் சாட்சியாக இழுத்தேன்.

கல்யாணம் ஆனதும் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. என் வீட்டுக்காரருக்குச் செங்கல்பட்டில் வேலை. அவரும் எங்கள் ஆட்கள்தான். விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார். "சொல்லித் தொலச்சிட்ட. இப்ப மாத்திச் சொன்னா இன்னா ஏதுன்னு கேப்பாங்க. வுடு, அப்பிடியே போவட்டும்" என்றார். அவருக்கென்ன. மத்தியானம் ஜி.எஸ்.டி. ரோட்டுக் கடையில் பிரியாணி தின்றுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார். ஆம்பளைக்கு ஊரெல்லாம் அடுப்பு. பொம்பளைக்கு ஒரே அடுப்பு, அதன் வாசனை ஊருக்கெல்லாம் போகும்.

கடல் பக்கத்தில் குடியிருந்துகொண்டு மீன் வாங்க முடியாதவளைப் பார்த்திருக்கிறீர்களா? காலையில் குப்பத்துப் பெண்கள் கூடையோடு வருவார்கள். சங்கரா, வஞ்சிரம், நெத்திலி, இறால் என்று படிக்கட்டில் நின்று குரல் கொடுப்பார்கள். என் கதவைத் தட்டமாட்டார்கள். "அந்த வூட்ல அய்ருமாரி, வாங்க மாட்டாங்க" என்று ஒருத்தி புதிதாக வந்தவளுக்குச் சொல்லிக்கொண்டு போனது என் காதில் விழுந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்தேன், வேறென்ன செய்ய. எதிர் வீட்டில் நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். தினமும் மீன்தான். ஒரு நாள் அந்த அம்மா வந்து, "நாங்க மீன் பொரிக்கும்போ உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும் இல்லியா? இனிமே ஜன்னலைச் சாத்திக்கிடுதோம்" என்றார். கஷ்டமாகத்தான் இருந்தது. ஜன்னலைச் சாத்தியபின் அந்த வாசனையும் இல்லாமல் போனது.

இத்தனைக்கும் நடுவில் நான் உயிரோடு இருந்தது இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறால்தான். அன்றைக்குக் காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகிற பஸ், அங்கிருந்து மதுராந்தகம் பஸ், படாளம் கூட்ரோட்டில் இறங்கினால் பத்து நிமிஷம் நடை. அண்ணன் வாசலிலேயே நிற்பார். "வந்துகினு கீதுடி பாப்பா, கொழம்ப எறக்கு" என்று உள்ளே குரல் கொடுப்பார். கிண்ணம் தயாராக இருக்கும். ஆபீசில் 'வீடு' என்று சொல்லிச் சொல்லி வலித்த வாய் அங்கே 'வூடு' என்று சொல்லும். இரண்டு வாரத்துக்குச் சேர்த்துத் தின்பேன். எலும்பைத் தட்டில் தட்டித் தட்டி உறிஞ்சுவேன். அண்ணி பார்த்துச் சிரிப்பார். "இன்னாமே, அங்க ஒன்ன பட்னி போட்டு அட்சாங்களா?" என்பார்.

புறப்படும்போதுதான் அசிங்கம். புளி போட்டுக் கை கழுவி, பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, பல் துலக்கி, புடவை மாற்றி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கிளம்புவேன். அண்ணன் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வை என்னவென்று அப்போது நான் யோசிக்கவில்லை. பஸ் போய்விடுமே என்ற கவலைதான் எனக்கு.

மகள் பிறந்தாள். குழந்தை வாயில் எது நிற்கும்? பக்கத்து வீட்டில் போய் உளறிவிட்டால்? அதனால் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போனாலும் அவளுக்கு ரசம் சோறுதான். "பச்ச புள்ளைக்கு ஒரு துண்டு குடுக்காம இன்னாடி வளத்துகினு கீற?" என்று அண்ணி சண்டை பிடித்தார். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு திண்டிவனம் பஸ் போகிற ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். சைவம் எனக்கு வேஷம், அவளுக்கு நிஜமாகிவிட்டது. இப்போது படூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். சிநேகிதிகளோடு சேர்ந்து சிக்கன் பிரியாணி தின்றேன் என்று போன மாதம் போனில் சர்வ சாதாரணமாகச் சொன்னாள். "இதுல என்னம்மா இருக்கு?" என்றாள். ஒன்றும் இல்லைதான், போ.

அவள் வயதுக்கு வந்தபோது ஏழாம் வகுப்பு முடித்திருந்தாள். எங்கள் வழக்கத்தில் சடங்கு தாய்மாமனுடையது. சீர்வரிசையோடு வருவார், பச்சை ஓலையில் குச்சு கட்டுவார். தண்ணீர் ஊற்றிப் புதுத்துணி உடுத்தியதும், தாய்மாமன் வீட்டில் ஆக்கிக் கொண்டுவந்த சோற்றை அவர் கையால்தான் முதல் வாய் ஊட்ட வேண்டும். நாட்டுக்கோழி, முட்டை, ஆட்டு ஈரல் என்று உடம்புக்குத் தெம்பானதாக இருக்கும் அந்தச் சோறு. அண்ணன் அதற்காக வருஷக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தார். என் மகள் பத்து வயதாக இருக்கும்போதே கோழிக்குஞ்சு வாங்கி வளர்க்கத் தொடங்கிவிட்டார்.

நான் டெலிபோன் பூத்திலிருந்து பேசினேன். குவார்ட்டர்ஸ் மண்டபத்தில் வைக்கிறோம், ஆபீசில் எல்லாரும் வருவார்கள் என்றேன். "அதனால அண்ணா, கோழி வேணாம். முட்ட கூட வேணாம். சக்கரப் பொங்கல் ஆக்கி எடுத்துகினு வா. மேளம் வேணாம். நம்ம ஆளுங்க ரொம்பப் பேரு வேணாம். நீயும் அண்ணியும் வந்தா போதும்."

 

"நானாவது வரலாமா பாப்பா?" என்றார் அண்ணன்.

"இன்னாண்ணா இப்பிடிப் பேசற?" என்று அழுதேன். அழுதேனே தவிர, கோழி கொண்டு வா என்று சொல்லவில்லை.

வந்தார். வேனில் இருபத்தொரு தட்டு, பழமும் பூவும் பட்டுப்பாவாடையும் இனிப்புமாக. வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, அதன் மடிப்புக்கூடக் கலையவில்லை. மண்டபத்தில் அவரைத் தஞ்சாவூர் அக்கா எதிர்கொண்டு அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நான் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு நாலடி தள்ளி நின்றேன்.

"தாய்மாமன் நீங்கதானா? ரொம்ப சந்தோஷம். உங்க தங்கச்சி கைப்பக்குவம் எங்க ஆபீஸ்லயே பேர் போனது. உங்க வீட்லயும் அப்படித்தானா? எல்லாரும் சைவம்தானே?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் செம்பைப் பார்த்தேன்.

"ஆமாங்கம்மா. எங்க வூட்ல தலமொற தலமொறயா சைவம். முட்ட கூட அண்டவுட மாட்டோம்" என்றார் அண்ணன்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. என்னை வளர்த்த மனுஷன், பொய் சொல்லியே பழக்கமில்லாத மனுஷன், என் பொருட்டு நாலு பேர் முன்னால் தன் வீட்டையே இல்லை என்று சொல்கிறார். நானோ நல்லவேளை என்று மூச்சு விடுகிறேன்.

அடுத்தது சோறு ஊட்டுவது. அண்ணன் சர்க்கரைப் பொங்கலைக் கையில் எடுத்தார். மகள் தலையைப் பின்னுக்கு இழுத்து என் காதில் சொன்னாள். காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு சத்தமாகவே சொன்னாள். "அம்மா, மாமா கை கழுவுனாங்களா?" பக்கத்தில் இருந்தவர்கள் குழந்தை என்று சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. பொங்கலைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து, மண்டபத்தின் கோடிக்குப் போய், குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார். எல்லாரும் காத்திருந்தோம். திரும்பி வந்து ஒரு வாய் ஊட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

வேன் ஏறும்போது என்னிடம் கேட்டார். "அந்தம்மாகிட்ட சரியா சொன்னனா பாப்பா?" கங்காணியிடம் வேலை முடித்துவிட்டுக் கேட்கிற குரல் அது. நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் படாளம் போனேன். அண்ணன் வாசலில் இல்லை, உள்ளே இருந்தார். அண்ணி தட்டு வைத்தார். சோறு, கத்திரிக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். கேலி செய்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்தபடியே அடுப்பைப் பார்த்தேன். புது எவர்சில்வர் குண்டான் ஒன்று தனி ஸ்டவ்வில் இருந்தது. கறிச்சட்டி பின்பக்கத்தில் மூடி வைத்திருந்தது, வாசனை வீடு முழுக்க.

"ஒனக்குன்னு புது ஏனம் வாங்கிகீறோம். அதுல வேற எதுவும் படல" என்றார் அண்ணி, என் முகத்தைப் பார்க்காமல்.

"இன்னா வெளயாட்டு இது? கறிய போடு அண்ணி" என்றேன்.

அண்ணன்தான் பதில் சொன்னார். "வெளையாட்டு இல்ல பாப்பா. எம் வாயால சொல்லிட்டு வந்துகீறேன், நாம சைவம்னு. நீ இங்க வந்து துன்னுட்டு, கையக் கய்வி, வாயக் கய்வி, பூ வெச்சிகினு போற. இத்தினி வருசம் பாத்துகினுதான இருந்தேன். எங் கையால போட்ட சோத்த நீ வாசல்ல கய்விட்டு போறது போதும்."

"அண்ணா, எனக்கு வேற எடமே இல்லண்ணா. இங்க வந்தாதான் நான் மனுஷியா இருக்கறேன்."

"இன்னா பண்ணணும்னு சொல்றேன் கேட்டுக்கோ" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. "ஒன் வூட்டு அடுப்புல பெரிய கறி ஆக்கு. கதவ தொறந்து வெய்யி. என்னியும் ஒங்க அண்ணியவும் கூப்ட்டு ஒரு வேள சோறு போடு. ஒரே ஒரு வேள. அப்பறம் நீ இங்க வந்து சட்டியோட துன்னு. கிண்ணம் ஒன்துதான். அதுவரிக்கும் ஒனக்கு இங்க சாம்பாருதான்."

நான் கத்தினேன். வாய்க்கு வந்தபடி பேசினேன். அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும் என்றேன், உனக்கென்ன தெரியும் ஆபீசைப் பற்றி என்றேன். "தெரியாதுதான். நான் கரும்பு வெட்றவன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். மூன்று மாதம் போகவில்லை. பிறந்த வீடு என்று எனக்கு இருந்தது அந்த ஒரு தட்டுதான், அதையும் எடுத்துவிட்டார்களே என்று பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுவேன்.

நாலாவது மாதம் எனக்கு வீம்பு வந்தது. ஆமாம், இதென்ன பெரிய விஷயம்? வேலை போய்விடுமா? குவார்ட்டர்ஸைப் பிடுங்கிக்கொள்வார்களா? நாலு பேர் பேசுவார்கள், பேசட்டும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒன் இஷ்டம்" என்றார், ஆனால் முகம் வெளுத்தது. அண்ணனுக்குப் போன் போட்டு, வருகிற ஞாயிறு மத்தியானம் சாப்பிட வாங்க என்றேன். "நெசமாவா பாப்பா?" என்றார். அவர் குரல் அப்படிக் குழந்தை மாதிரி ஆகி நான் கேட்டதே இல்லை.

ஞாயிறு விடிந்ததும் செங்கல்பட்டுக்குப் போனேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நானே கடையில் நின்று, இரண்டு கிலோ, ஈரலும் கொஞ்சம் போடுங்க என்று கேட்டு வாங்கினேன். கறுப்புக் கவரில் போட்டு, அதை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். பையைக் காலடியில் சீட்டுக்குக் கீழே தள்ளினேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது. எத்தனை மிளகாய் கிள்ளிப் போடுவது, இஞ்சி வீட்டில் இருக்கிறதா என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. நெற்றி நிறைய விபூதியோடு தஞ்சாவூர் அக்கா ஏறினார். மலையேறிச் சாமி கும்பிட்டுவிட்டு வருகிறாராம். என்னைப் பார்த்ததும், "அட, நீங்களா! தள்ளுங்க தள்ளுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்து பிரசாதத்தை என் கையில் வைத்தார். அதை மூடிய கையோடு உட்கார்ந்திருந்தேன். இப்போதே சொல்லிவிடு, காலடியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அடுத்த ஸ்டாப்பில் சொல்லலாம், அதற்கடுத்த ஸ்டாப்பில் சொல்லலாம் என்று போய்க்கொண்டிருந்தேன்.

டிரைவர் எதற்கோ சடன் பிரேக் போட்டார். பை சறுக்கிக்கொண்டு நடுவழிக்குப் போய்விட்டது. கவர் எங்கோ கிழிந்திருக்க வேண்டும், ரத்தத் தண்ணீர் தரையில் கோடாக ஓடியது.

"யார்துய்யா இந்தப் பை? கறிய எட்த்துகினு வந்து பஸ்ஸ நாறடிக்கறீங்க?" என்று கண்டக்டர் கத்தினார். அவர் கோட்டைப் பார்த்தபடி எங்கள் சீட்டுக்கு வந்தார். "யம்மா, ஒங்க காலாண்டர்ந்துதான வந்துச்சி?"

"என்னங்க நீங்க, யாரைப் போய்க் கேக்கறீங்க? இவங்க சுத்த சைவம்ங்க" என்று அக்கா எனக்காகச் சண்டைக்குப் போனார்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்று கண்டக்டர் என்னையே கேட்டார்.

"என்னுது இல்லீங்க" என்றேன்.

அவர் பையைத் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே வீசினார். ஏரிக்கரைப் பக்கம் விழுந்தது, இரண்டு நாய்கள் ஓடுவது தெரிந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாவம், உங்களுக்கு இதெல்லாம் பார்த்தாலே ஒத்துக்காது" என்று அர்ச்சனைப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து முகரக் கொடுத்தார். முகர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து சேரும்போது மணி பத்தரை. திரும்பவும் செங்கல்பட்டு போய் வாங்கி வர நேரம் இருந்ததா என்றால், ஓடினால் இருந்திருக்கும். நான் பருப்பை ஊற வைத்தேன்.

அண்ணனும் அண்ணியும் ஒன்றரைக்கு வந்தார்கள். அண்ணன் சடங்குக்குப் போட்ட அதே சட்டையைப் போட்டிருந்தார். கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தொறந்து வெச்சிகீற" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். அண்ணி நேரே சமையலறைக்குப் போனார், ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தட்டு வைத்து, சோறு போட்டு, சாம்பார்க் கரண்டியோடு நின்றேன். பஸ்ஸில் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். "அண்ணா, காலையில..." என்று தொடங்கினேன்.

"ஊத்து பாப்பா" என்றார் அண்ணன்.

ஊற்றினேன். அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "இன்னா இது, அவளே கூப்ட்டுட்டு..." என்று ஆரம்பித்தார். அண்ணன் சோற்றைப் பிசைந்தபடியே அண்ணியிடம் சொன்னார்.

"இவங்க வூட்ல அதெல்லாம் ஆக்க மாட்டாங்க. சாப்புடு."

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள், நான் கேட்டுக் கேட்டு ஊற்றினேன்.